பாம்பெர்க்: பன்றி இல்லாமல் பீரும் சாப்பாடும்

ஜூன் நடுவில் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்துக்குப் போகிறோம், அறையில் அடுப்பு உண்டு, பன்றி சாப்பிடமாட்டோம், ஆனாலும் உள்ளூர் ருசி வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பன்றியைத் தவிர்ப்பது அங்கே கொஞ்சம் கஷ்டம்தான். பெயர்போன அடைத்த வெங்காயத்துக்குள்ளும் பன்றிக் கொத்துக்கறியே இருக்கும்.

அதனால் நீங்களே சமையுங்கள். வெள்ளை அஸ்பாரகஸ் என்ற தண்டுக்காய்க்கு ஜூன் 24 வரைதான் சீசன். தோல் சீவி வேகவைத்து வெண்ணெய் ஊற்றினால் போதும், மசாலா வேண்டாம். சமைத்ததைக் கட்டிக்கொண்டு குன்றின் மேலுள்ள பீர் தோட்டத்துக்குப் போங்கள். கெல்லர் என்பார்கள். அந்தக் காலத்தில் பீரைக் குளிராக வைத்த நிலவறைகளின் மேல் அமைந்தவை. பலவற்றில் பீரை மட்டும் வாங்கிக்கொண்டு நம் சாப்பாட்டைச் சாப்பிடலாம். எதற்கும் முதலில் கேட்டுவிடுங்கள்.

அந்த ஊர்ப் புகை பீரை ஷ்லெங்கெர்லா என்ற பீர்க்கடையில் தொடங்காதீர்கள். பீச் (beech) மர நெருப்பில் மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, உலர்த்துவதால் முதல் வாயிலேயே புகை மூக்கில் ஏறும், கருவாடு சுட்ட அடுப்படி மாதிரி. ரயில் நிலையம் பக்கம் ஸ்பெசியல் என்ற இன்னொரு பீர்க்கடையில் புகை மென்மையாக இருக்கும், அங்கே பழகிவிட்டு வாருங்கள். தொட்டுக்கொள்ள ஒபாட்ஸ்டா கேளுங்கள், காமெம்பெர் சீஸை வெண்ணெயோடு பிசைந்தது.

அப்புறம், ஞாயிறன்று கடைகள் அடைப்பு. காய்கறியைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.