அம்மாவின் முழங்காலுக்கு ஆர்த்ரோஸ்கோப்பி தேவையா?

58 வயது அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம், எம்ஆர்ஐயில் சவ்வுக் (மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ்) கிழிசல், ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் மூட்டு அறுவை) செய்யச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். ஹூஸ்டனில் புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு அறுவை மருத்துவர் தேய்மான மூட்டுள்ள 180 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. சிலருக்கு நிஜ ஆர்த்ரோஸ்கோப்பி செய்தார்; சிலருக்குத் தோலை மட்டும் கீறினார். நிஜம் போலிருக்க, கருவிகளைக் கேட்டு வாங்கி, உப்புநீரைச் சளசளவென்று கொட்டும் சத்தம் வேறு! இரண்டு வருடம் பார்த்தும் நிஜ அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறையவில்லை. சவ்வுக் கிழிசலை வெட்டிச் சீராக்குவதைப் பற்றிப் பின்லாந்தில் செய்து 2013இல் வெளியான ஆய்விலும் இதே கதைதான்.

முழங்கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்கிறதா? விழுந்து அடிபட்டாரா? அப்படியென்றால் கணக்கு வேறு. இல்லையென்றால் முதலில் சில மாதம் பிசியோதெரபி, தொடைத் தசைக்குப் பயிற்சி. அப்புறம், வலிக்கு அந்தக் கிழிசல்தான் காரணமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். இந்த வயதில் வலியே இல்லாதவர்களுக்கும் எம்ஆர்ஐயில் கிழிசல் தெரிவது சகஜம்.