போக்கர் போனஸ் பணம்: வரி, முடக்கப்பட்ட இருப்பு, ரெஃபரல் கமிஷன்

கேள்வி: நான் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 2023 ஜூலை முதல் 2025 ஆகஸ்ட் வரை சில போக்கர் செயலிகளில், புதிதாகச் சேர்பவர்களுக்குத் தரும் போனஸ், முதல் டெபாசிட்டுக்கு ஈடாகத் தரும் போனஸ், கட்டணமில்லாப் போட்டிகள் ஆகியவற்றைக் குறிவைத்து ஆடி ஓரளவு பணம் சம்பாதித்தேன். ஒரு செயலியில் என் அம்மாவின் பான், ஆதாரைக் கொண்டு இரண்டாவது கணக்கும் தொடங்கினேன். ஒரே கைப்பேசியிலிருந்து இரண்டு கணக்குகள் இயங்குவதாகச் சொல்லி, அந்த நிறுவனம் என் கணக்கிலிருந்த 46,000 ரூபாயை முடக்கிவிட்டது. டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி) பிடித்த பிறகுதானே பணம் வந்தது என்று நினைத்து, வருமான வரிக் கணக்கில் எதையும் காட்டவில்லை; இப்போது வரித் துறையிடமிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. வெளிநாட்டுத் தளங்கள் இன்னும் போனஸ் தருவதாகவும், டெலிகிராமில் ஒரு சேனல் தொடங்கி ஆள் சேர்த்தால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கிடைக்கும் என்றும் நண்பர் ஒருவர் அழைக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் மிகவும் அவசரமானது நீங்கள் கடைசியாகக் கேட்டிருப்பதுதான் என்பதால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். நண்பரின் அழைப்பை ஏற்காதீர்கள். இதுவரை நீங்கள் செய்தவற்றில் பெரும்பாலானவை வரியாலும் விளக்கக் கடிதத்தாலும் சரிசெய்துகொள்ளக் கூடியவை. டெலிகிராம் சேனலைத் தொடங்கி முதல் இணைப்பைப் பகிர்ந்துவிட்டால், நீங்கள் குற்றவியல் சட்டத்தின் எல்லைக்குள் கால் வைக்கிறீர்கள்.

2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற ஆன்லைன் விளையாட்டுகள் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டியோ கட்டணம் செலுத்தியோ பணப் பலனை எதிர்பார்த்து ஆடும் எந்த ஆன்லைன் விளையாட்டையும், அது திறமையால் வெல்வதா அதிர்ஷ்டத்தால் வெல்வதா என்று பார்க்காமல், ‘ஆன்லைன் பண விளையாட்டு’ என்று வரையறுக்கிறது. அதுவரை போக்கர் நிறுவனங்களுக்கு அரணாக இருந்த ‘இது திறமை ஆட்டம்’ என்ற வாதத்துக்கு இந்த வரையறைக்குள் இடமில்லை. பணத்துக்கு ஈடாகக் கருதப்படும் காயின், டோக்கன், கிரெடிட் ஆகியவையும் பந்தயப் பொருள் என்றே கொள்ளப்படும் என்பதால், ரூபாய்க்குப் பதில் ‘சிப்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொள்வதும் உதவாது.

இச்சட்டம் யாரைத் தண்டிக்கிறது என்பதைக் கவனியுங்கள். இத்தகைய விளையாட்டை வழங்குபவருக்கும், அதற்கான பணப் பரிமாற்றத்துக்கு வழி செய்பவருக்கும் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெறுமனே ஆடியவருக்கு என்று இச்சட்டத்தில் தண்டனைப் பிரிவு எதுவும் இல்லை. ஆடுபவர் பாதிக்கப்பட்டவர் என்பதே இதில் அரசு எடுத்த நிலை. ஆனால் விளம்பரத்தைத் தடுக்கும் 6ஆம் பிரிவு, எந்த ஊடகத்தின் வழியாகவும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, ஒருவரை ஆடத் தூண்டும் விளம்பரத்தைச் செய்வதையும், செய்யத் துணைபோவதையும் தடை செய்கிறது. நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் தோன்றும் விளம்பரங்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று எண்ண வேண்டாம். ‘இந்த இணைப்பில் சேர்ந்தால் 500 ரூபாய் போனஸ்’ என்று இருநூறு பேர் உள்ள ஒரு சேனலில் நீங்கள் இடும் பதிவும் அந்தச் சொற்களுக்குள் அடங்கும்.

இன்னும் ஒரு படி மேலே போய், சேர்ந்தவர்களிடம் உங்கள் யுபிஐ எண்ணில் பணம் வாங்கி அவர்களுக்குச் சிப்ஸ் ஏற்றிக் கொடுத்தால், அது விளம்பரம் என்ற அளவைக் கடந்து, சேவை வழங்கவும் பணப் பரிமாற்றத்துக்கும் உடந்தையாக இருந்ததாகவே பார்க்கப்படும். அந்தக் குற்றங்கள் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கவை, ஜாமீனில் விட முடியாத வகையைச் சேர்ந்தவை. உங்கள் நண்பர் விவரித்திருக்கும் ‘ஏஜென்ட்’ வேலை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் போய் முடியும். இச்சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டதை அவர் உங்களிடம் ஆதாரமாகக் காட்டலாம். ஒரு சட்டத்தை எதிர்த்து வழக்கு இருக்கிறது என்பதாலேயே அச்சட்டம் செயலற்றுப் போவதில்லை.

இனி, இதுவரை ஆடியது குற்றமா என்ற அச்சத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் அட்டவணையில் சேர்த்திருந்தது. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், சட்டத்தை நிலைநிறுத்தியபோதும், திறமை ஆட்டங்களான அவ்விரண்டுக்கும் அந்த அட்டவணை பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. பிறகு 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்ற ஒழுங்குமுறைகளை அதே நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றது. எனவே நீங்கள் குறிப்பிடும் காலத்தில் உங்கள் சொந்தப் பெயரில், உள்நாட்டு நிறுவனங்களின் செயலிகளில் ஆடியதற்காக உங்கள் மீது வழக்கு வரும் என்று நான் கருதவில்லை.

வரி விஷயத்தில்தான் நீங்கள் உடனே உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், ஆன்லைன் விளையாட்டில் கிடைத்த நிகர வெற்றித்தொகைக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 115பிபிஜே பிரிவின்படி 30 விழுக்காடு வரி. அந்த வரித் தொகையின் மேல் 4 விழுக்காடு செஸ் என்ற கூடுதல் தீர்வை. உங்கள் மற்ற வருமானம் வரி விலக்கு வரம்புக்குள் இருந்தாலும் இந்த 30 விழுக்காடு குறையாது. ‘படிப்புக்கும் இணையக் கட்டணத்துக்கும் செலவழித்தேன்’ என்று கழித்துக்கொள்ளவும் முடியாது. 2026 ஏப்ரல் 1 முதலான காலத்துக்குப் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டிருந்தாலும், நீங்கள் ஆடிய ஆண்டுகளின் கணக்கு பழைய சட்டப்படிதான் முடிக்கப்படும்.

போனஸை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் உங்களைப் போன்றவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். இதற்கென்றே மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 மே 22 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி, நிறுவனம் தரும் போனஸ், ரெஃபரல் போனஸ், ஊக்கத்தொகை ஆகியவை ‘வரிக்குட்பட்ட டெபாசிட்’. அதாவது, நீங்கள் உங்கள் கையிலிருந்து போட்ட பணத்தைப் போல எடுத்த தொகையிலிருந்து அவற்றைக் கழிக்க முடியாது. ஆனால் ஆடுவதற்கு மட்டுமே பயன்படும், எடுக்கவே முடியாத போனஸ் கணக்கில் சேராது; அது பிற்பாடு எடுக்கத்தக்க பணமாக மாற்றப்படும்போது, மாற்றப்பட்ட அந்த வேளையில் வரிக்குட்பட்ட டெபாசிட்டாகும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். நீங்கள் 2023 ஆகஸ்டில் ஒரு செயலியில் முதன்முதலாகச் சேர்ந்து 10,000 ரூபாய் போட்டீர்கள். நிறுவனம் ஈடாக 10,000 ரூபாய் போனஸை ‘பூட்டிய’ நிலையில் வைத்தது. மேசையில் நீங்கள் கட்டும் ரேக் (ஒவ்வொரு ஆட்டத்திலும் நிறுவனம் பிடித்துக்கொள்ளும் கட்டணம்) சேரச் சேர அது சிறுகச் சிறுகத் திறக்கும். கெடு முடிவதற்குள் 4,000 ரூபாய் திறந்தது. மீதி 6,000 காலாவதியானது. அந்த ஆண்டில் மொத்தம் 22,000 ரூபாய் வங்கிக்கு எடுத்துவிட்டீர்கள், செயலியில் எதுவும் மிச்சமில்லை என்றால், உங்கள் நிகர வெற்றித்தொகை 22,000 கழித்தல் 10,000, அதாவது 12,000 ரூபாய். திறந்த 4,000 ரூபாய் போனஸ் இந்தப் பன்னிரண்டாயிரத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது. காலாவதியான 6,000 எங்கும் வராது. வரி 3,600 ரூபாய், செஸ் 144 ரூபாய். ஆண்டு இறுதியில் செயலியில் இருப்பு இருந்தால், அதை எடுக்காவிட்டாலும் அது கணக்கில் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள். கட்டணமில்லாப் போட்டியில் வென்ற தொகைக்குக் கழிக்க டெபாசிட்டே இல்லை என்பதால், அது முழுவதும் வெற்றித்தொகை. ஒரு நிறுவனத்தில் இழந்ததை மற்றொரு நிறுவனத்தில் வென்றதோடு ஈடுகட்ட வழியில்லை என்று வைத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பானது.

டிடிஎஸ் பிடிக்கப்பட்டதால் வேலை முடிந்தது என்ற உங்கள் நினைப்பு தவறானது. 194பிஏ பிரிவின்படி நிறுவனம் பிடித்த ஒவ்வொரு ரூபாயும் உங்கள் பான் எண்ணின் கீழ் 26ஏஎஸ் படிவத்திலும் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் பதிவாகியிருக்கிறது. உங்கள் ரிட்டர்னில் அந்த வருமானம் இல்லாததால்தான் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. 139(8ஏ) பிரிவின்படி, மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 48 மாதங்களுக்குள் புதுப்பித்த ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். முதல் 12 மாதங்களுக்குள் என்றால் செலுத்த வேண்டிய வரி, வட்டி ஆகியவற்றின் மேல் 25 விழுக்காடும், அடுத்த 12 மாதங்களுக்குள் என்றால் 50 விழுக்காடும் கூடுதல் வரி. அதன் பிறகு 60, 70 என்று ஏறும். உங்களுக்கு 30 விழுக்காடு ஏற்கெனவே பிடிக்கப்பட்டுவிட்டதால், பாக்கி பெரும்பாலும் செஸ் அளவில்தான் இருக்கும். தாமதித்து, துறை தானே மறுமதிப்பீட்டு நோட்டீஸ் அனுப்பும் நிலைக்கு விட்டால், வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கான தண்டத்தொகையும் சேரும்.

அம்மாவின் பெயரிலான கணக்கைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. அவருடைய ஒப்புதலோடு செய்திருந்தாலும், வேறொருவரின் அடையாளத்தைக் காட்டி ஒரு நிறுவனத்திடம் இரண்டாவது போனஸ் பெறுவது ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதாகக் குற்றம்சாட்டப்பட இடம் தரும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு இதற்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தொகை சிறிதாக இருக்கும்போது நிறுவனங்கள் பொதுவாகக் கணக்கை முடக்குவதோடு நிறுத்திக்கொள்கின்றன என்றாலும், அந்த ஆயுதம் அவர்கள் கையில் இருக்கிறது. அக்கணக்கிலிருந்து இனி எதையும் எடுக்க முயலாதீர்கள். அம்மாவின் பான் எண்ணில் பதிவான டிடிஎஸ் தொகையைத் திருப்பிக் கேட்டு அவர் பெயரில் ரிட்டர்ன் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த வரிக்கு ரீஃபண்ட் கிடையாது என்பதோடு, ஒன்றும் அறியாத அவரைப் பொய்யான உறுதிமொழியில் கையெழுத்திட வைத்ததாகவும் ஆகும். அந்தப் பணம் உண்மையில் உங்களுடையது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லி, யார் கணக்கில் காட்டுவது என்பதை அவர் ஆலோசனைப்படி முடிவு செய்யுங்கள்.

முடக்கப்பட்ட 46,000 ரூபாயைப் பொறுத்தவரை, முழுத் தொகையையும் பெற்றுத் தர முடியும் என்று நான் உறுதி கூற மாட்டேன். ஒருவருக்கு ஒரு கணக்குதான் என்ற நிபந்தனைக்கு நீங்கள் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தியிருக்கிறீர்கள். ஆகவே போனஸையும் அதன் வழியே வந்த ஆதாயத்தையும் பறிக்க நிறுவனத்துக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் வங்கியிலிருந்து உங்கள் சொந்தக் கணக்கில் நீங்கள் போட்ட அசலையும் சேர்த்து விழுங்குவது வேறு விஷயம். ஒப்பந்தத்தை மீறியதற்கு நியாயமான இழப்பீட்டுக்கு மேல் தண்டமாக வசூலிக்க முடியாது என்பதுதான் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின் சாரம். எனவே டெபாசிட், வெற்றி, போனஸ் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கணக்கு விவரத்தைக் கேட்டு, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு முதலில் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ். அதன் பின் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான மதிப்புக்குக் கட்டணம் இல்லை. முடக்கப்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தர வேண்டும். புகாரில் இரண்டாவது கணக்கை மறைக்காதீர்கள், ஏனெனில் நிறுவனம் முதலில் எடுத்து வைக்கும் ஆவணம் அதுவாகத்தான் இருக்கும். வருமானத்துக்காக ஆடிய நீங்கள் நுகர்வோரே அல்ல என்று அவர்கள் வாதிடவும் கூடும். அதற்கும் தயாராக இருங்கள்.

வெளிநாட்டுத் தளங்களின் போனஸைப் பற்றி ஒரு நடைமுறை ஆபத்தை மட்டும் சொல்கிறேன். அங்கே டெபாசிட் செய்யும்போது திரையில் வரும் யுபிஐ எண் பெரும்பாலும் முகம் தெரியாத ஒரு தனிநபருடையது. நீங்கள் வென்றதாகச் சொல்லி உங்கள் கணக்குக்கு வரும் 8,000 ரூபாய், வேறு ஊரில் யாரோ ஒருவர் இணைய மோசடியில் இழந்த பணமாக இருக்கலாம். அவர் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணில் புகார் செய்தால், காவல்துறை பணம் போன தடத்தைப் பின்பற்றி வந்து, குற்றத்தோடு தொடர்புடைய சொத்து என்று உங்கள் வங்கிக் கணக்கை முடக்கும். சம்பளம் வரும் கணக்கு அதுவே என்றால், வாடகையும் தவணையும் நின்றுபோகும்; பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு காவல் நிலையத்துக்கு நீங்கள் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். ‘ஆட்டத்தில் வென்றேன்’ என்பது அங்கே உங்களைக் காக்கும் விளக்கமாக இராது. ‘டெபாசிட் இல்லாமலே போனஸ்’ என்ற விளம்பரத்தையும் நம்பாதீர்கள்; பணத்தை எடுக்கப் போகும் இடத்தில் முதலில் டெபாசிட் செய்யச் சொல்வது அவற்றின் வழக்கமான நிபந்தனை.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது, ஒவ்வொரு செயலியிலிருந்தும் பரிவர்த்தனை விவரத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்வதுதான். பண ஆட்டங்களை நிறுத்திவிட்ட நிறுவனங்கள் தங்கள் செயலிகளை எவ்வளவு காலம் திறந்து வைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. வரிக் கணக்குக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் அந்த விவரம்தான் உங்கள் ஆதாரம். வங்கி அறிக்கைகளையும் 26ஏஎஸ் படிவத்தையும் அதோடு சேர்த்து ஆடிட்டரிடம் கொடுங்கள். நண்பருக்கு வேண்டாம் என்று சொல்லும்போது குறுஞ்செய்தியாகவே அனுப்பி, அதை அழிக்காமல் வைத்திருங்கள்.