வாசகர் கேள்வி-பதில்: பனிமலையில் மூன்றாம் நிலை

கேள்வி: சுவிட்சர்லாந்தின் பெர்னில் பிறந்து வளர்ந்தவன் நான். லிஃப்ட் உள்ள இடங்களில் நெடுங்காலமாக ஸ்கீ செய்து வருகிறேன். இந்தக் குளிர்காலத்தில் நண்பர்கள், லிஃப்ட் இல்லாத மலைகளில் ஸ்கீயின் அடியில் பின்னோக்கி வழுக்காமல் பிடிக்கும் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டி ஏறி, பிறகு இறங்கும் டூரிங்குக்கு அழைக்கிறார்கள். பனிச்சரிவு அறிக்கையில் ஐந்து நிலைகள் இருப்பதால், மூன்றாம் நிலையை நடுத்தர அபாயம் என்று கருதிப் போகலாமா?

பதில்: அப்படிக் கருதக் கூடாது. அந்த ஐந்தும் சம உயரமுள்ள படிகள் அல்ல. நிலை ஒன்று கூடினால் அபாயம் பல மடங்கு கூடிவிடுகிறது. டாவோஸில் உள்ள பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனமான எஸ்.எல்.எஃப். தரும் கணக்கின்படி, குளிர்காலத்தில் சுமார் 30 விழுக்காட்டு நாட்களுக்கு மூன்றாம் நிலை அறிவிக்கப்படுகிறது. பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த நாட்களில்தான் இறக்கிறார்கள். நான்கு என்று அறிவித்தால் பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மூன்றிலோ வானம் தெளிந்து புதுப்பனியும் கிடந்தால், போகலாம் என்றே மனம் சொல்லும்.

மேலும், அந்த எண் ஒரு வட்டாரம் முழுவதற்கும் உரியதே தவிர, நீங்கள் நிற்கும் சரிவுக்கு உரியது அன்று. குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கு அறிக்கை வெளியாகும்போது, எண்ணைப் பார்த்ததோடு நிறுத்தாமல், எந்தத் திசை நோக்கிய சரிவுகள், எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல், காற்று குவித்த பனியா அல்லது அடியில் புதைந்த பலவீனமான அடுக்கா என்று அது சொல்வதையும் வாசியுங்கள். வடக்கு நோக்கிய, 2200 மீட்டருக்கு மேற்பட்ட சரிவுகளை அறிக்கை குறிப்பிட்டால், அன்றைய பயணத்தை வேறு பக்கத்துக்கு மாற்றிக்கொள்வது பெரும்பாலும் முடியக்கூடியதே.

உங்கள் கையில் முழுமையாக இருப்பது ஒன்றுதான்: சரிவின் சாய்வு. பலகையாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வில்தான் கிளம்புகின்றன. சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முண்டர் வகுத்த எளிய விதி, இரண்டாம் நிலையில் 40 பாகைக்கும், மூன்றாம் நிலையில் 35 பாகைக்கும், நான்காம் நிலையில் 30 பாகைக்கும் குறைந்த சரிவுகளிலேயே இருக்கச் சொல்கிறது. சரிவின் சராசரியை அல்ல, மிகச் செங்குத்தான பகுதியையே அளக்க வேண்டும். தொடக்க நிலையில் உள்ளவர் மூன்றாம் நிலையில் 30 பாகையைத் தாண்டாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. சுவிஸ் அரசின் இணைய வரைபடத்தில் 30 முதல் 35 பாகை வரை மஞ்சள், 40 வரை செம்மஞ்சள், 45 வரை சிவப்பு, அதற்கு மேல் ஊதா என வண்ணமிட்ட அடுக்கு இருக்கிறது. உங்கள் தடம் வண்ணமிடாத வெள்ளையில் இருந்தாலும், அதற்கு நேர் மேலே சிவப்பு இருந்தால் நீங்கள் அபாயத்தில்தான் இருக்கிறீர்கள், ஏனெனில் கீழே இருந்தபடியே மேலுள்ள சரிவைக் கிளப்பிவிட முடியும். ஏறும்போது நின்று ஸ்கீயைத் தூக்கித் திருப்ப வேண்டிய நிலை வந்தால், சாய்வு 30 பாகையை நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

கேள்வி: இரண்டு வாரமாகப் பனி பெய்யவில்லை, கிடக்கும் பனியும் சொற்பம். பலர் சென்ற தடங்களும் தெரிகின்றன. இனிப் பயமில்லைதானே?

பதில்: பனி குறைவாக இருப்பதுதான் பல நேரம் தொல்லையின் தொடக்கம். தரையை ஒட்டிய பனி ஏறத்தாழ 0 பாகை செல்சியஸில் இருக்க, தெளிந்த இரவில் மேற்பரப்பு -20க்கு இறங்கிவிடலாம். இந்த வேறுபாடு இரண்டு மீட்டர் கனத்தில் பரவினால் 10 சென்டிமீட்டருக்கு ஒரு பாகைதான். அரை மீட்டர் கனத்திலோ நான்கு பாகை. அப்போது நீராவி மேல்நோக்கி நகர, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சீனியைப் போல உதிரியாகின்றன. அடுத்த பனிப்பொழிவு அதன்மேல் படிந்து இறுகினால், அந்த அடுக்கு வாரக்கணக்கில் உள்ளே காத்திருக்கும். காலடியில் ‘வூம்’ என்ற அமுங்கிய ஒலி கேட்டாலோ, ஸ்கீயிலிருந்து விரிசல் ஓடினாலோ, செங்குத்தான சரிவை விட்டு உடனே விலகுங்கள்.

தடங்களை நம்பாதீர்கள். அடுக்கு ஆழமாக உள்ள இடத்தில் பத்துப் பேர் கடந்திருக்கலாம்; பாறை ஓரத்தில் பனி மெலிந்த இடத்தில் பதினோராமவரின் எடை அதை முறித்துவிடலாம். சிக்குபவர்களில் பெரும்பாலோர் தாங்களோ தம் குழுவினரோ கிளப்பிய பனிச்சரிவிலேயே சிக்குகிறார்கள்.

கேள்வி: புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவியான பீக்கனும், பனிச்சரிவில் ஊதிப் பெருகும் முதுகுப்பையான ஏர்பேக்கும் வாங்கிவிட்டோம். போதுமா?

பதில்: ஏர்பேக் புதைவதைக் குறைக்கிறது; பாறையிலும் மரத்திலும் மோதுவதைத் தடுக்காது. 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் பீக்கனோடு, துழாவும் கம்பியும் மண்வாரியும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். முழுதாகப் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்பது. அரை மணியில் அது மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. சுவிஸ் வான்மீட்பு அமைப்பான ரேகாவின் ஹெலிகாப்டரை 1414 என்ற எண்ணில் அழைக்கலாம், ஆனால் அது பத்து நிமிடத்துக்குள் வந்து சேரும் என்று எண்ண முடியாது. தோண்டப் போவது உங்கள் நண்பர்களே. ஆகவே சுவிஸ் ஆல்பைன் கிளப்பின் கிளைகள் நடத்தும் பயிற்சி ஒன்றில் எல்லோருமாகச் சேருங்கள். கைபேசியைப் பீக்கனிலிருந்து சாதாரணமாக 20 சென்டிமீட்டரும், தேடும்போது 50 சென்டிமீட்டரும் தள்ளி வையுங்கள். அருகில் இருந்தால் அது சமிக்ஞையைக் குழப்பும்.