பண்பாடு பார்க்கும் பதவி நம் ஊரில் உண்டா?

கேள்வி: புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் படித்திருக்கிறேன். நோயாளிகளின் மொழி, மதம், பழக்கவழக்கத்தைக் கவனிக்கவென்றே அமெரிக்க மருத்துவமனைகளில் தலைமைப் பதவி உண்டு என்கிறாள் அங்கிருக்கும் தோழி. இங்கே அப்படி உண்டா? என்ன படிக்க வேண்டும்?

பதில்: அந்தப் பெயரில் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. ஆனால் வேலை உங்கள் வார்டிலேயே கொட்டிக் கிடக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு வேர், பாகுபாட்டைத் தடுக்கும் 1964 சிவில் உரிமைச் சட்டம். அரசுப் பணம் வாங்கும் மருத்துவமனை, மொழி தெரியாதவரை அலைக்கழிப்பதும் பாகுபாடுதான் என்று பிறகு பொருள் கொண்டார்கள். 2000-இல் இதற்கென ‘கிளாஸ்’ (CLAS) என்ற தரநிலைகள் வந்தன, நோயாளியின் மொழிக்கும் பண்பாட்டுக்கும் ஏற்ற சேவைக்கானவை. 2013-இல் திருத்தி 15 ஆக்கினார்கள். 2025 ஜனவரியில் ட்ரம்ப் அரசு டைவர்சிட்டி (பன்முகத்தன்மை) திட்டங்களுக்கு எதிராக உத்தரவு போட்டதும், அங்கேயே பல இடங்களில் பெயர்ப்பலகை மாறிவிட்டது. அதனால் பதவியின் பெயரை விடுங்கள், வேலையைப் பிடியுங்கள்.

நம் பக்கம் எத்தனை மொழி என்று பாருங்கள். தெலுங்கு பேசும் யானம் இருப்பது காக்கிநாடா பக்கம், மலையாளம் பேசும் மாஹே இருப்பது கேரளக் கரையில். இரண்டும் நம் ஆட்சிப்பரப்புதான். கடலூர் சிப்காட் பக்கம் போனால் வட மாநிலத் தொழிலாளர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் யானத்துப் பாட்டி ஒருவர் காலையிலிருந்து “தல திருகுதோந்தி” என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். டியூட்டி நர்ஸ் ‘கடும் தலைவலி’ என்று எழுதி பாராசிட்டமால் கொடுத்துவிட்டார். பாட்டி சொன்னது தலைசுற்றல். முதல் நாள்தான் பி.பி. மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள். கேன்டீனில் வேலை பார்த்த நெல்லூர்ப் பையன் சொல்லித்தான் பி.பி. பார்த்தார்கள், வெகுவாக இறங்கியிருந்தது. அந்தப் பையன் லீவில் போயிருந்தால்?

இதுதான் உங்கள் நுழைவாயில். ஒரு மாதம் நோட்டு போடுங்கள்: எந்த மொழி பேசுபவர் வந்தார், யார் மொழிபெயர்த்தார், எது விட்டுப்போனது. மேஸ்திரி மொழிபெயர்த்தால் தனியாகக் குறியுங்கள். தொழிலாளியிடம் கேட்ட கேள்விக்கு மேஸ்திரியே பதில் சொல்லிவிடுவார். நோட்டை குவாலிட்டி மேனேஜரிடம் கொண்டுபோங்கள். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.ஹெச். அமைப்பின் தரநிலையிலேயே இருப்பதால், அவருக்கும் அது தேவைப்படும்.

இன்னொரு வழியை யாரும் கவனிப்பதில்லை. 2019 திருநர் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். 2017 எச்.ஐ.வி. சட்டமும் இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனைகளுக்கு இதையே சொல்கிறது. பல இடங்களில் காகிதத்தில் ஒரு பெயர் மட்டும் இருக்கும். நான் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்குங்கள். சம்பளம் உயராது, ஆனால் அனுபவச் சான்றில் ஏறும்.

படிப்பு? வேலையை விடாமல் என்றால் மருத்துவமனை நிர்வாகம், கூடவே என்.ஏ.பி.ஹெச். பயிற்சி. இரண்டு வருடம் ஒதுக்க முடிந்தால் மருத்துவப் பிரிவில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி), அல்லது ஜிப்மரில் எம்.பி.ஹெச். (பொதுச் சுகாதாரம்). உங்கள் அனுபவத்துக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். குவாலிட்டி, நோயாளி உறவு, வெளிநாட்டு நோயாளிப் பிரிவு என்று மூன்று பக்கமும் போகலாம்.

அப்புறம் ஒன்று. ‘முஸ்லிம் என்றால் இப்படி, இருளர் என்றால் இப்படி’ என்று பட்டியல் போட்டுப் பயிற்சி நடத்துகிறார்கள். அதை நம்பாதீர்கள். ரம்ஜான் மாதத்தில் இன்சுலின் போடுபவரிடம் “நோன்பு வைக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டு நேரத்தை டாக்டரிடம் பேசுங்கள். ஒருவர் வைப்பார், பக்கத்துக் கட்டில்காரர் வைக்க மாட்டார். டிஸ்சார்ஜ் அன்று “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “வீட்டுக்குப் போய் எந்த மாத்திரையை எப்போ போடுவீங்க, சொல்லுங்க” என்று கேளுங்கள். வரும் பதில்களை அதே நோட்டில் எழுதுங்கள்.