மாசமா இருக்கும்போது வெந்நீர் குளியல் - கேளுங்க, சொல்றேன்

லேபர் வார்டுல 16 வருஷமா நர்ஸா இருக்கேன், குளியல் பத்தி கேட்டதுக்கெல்லாம் ஒண்ணா பதில் போடுறேன்.

கே: அக்கா, இப்ப 6 வாரம். கர்ப்பம்னு தெரியறதுக்கு முன்னாடி ஒருநாள் நல்ல சுடுதண்ணில டப்ல 15 நிமிஷம் படுத்திருந்தேன். நெட்ல படிச்சதுல இருந்து தூக்கமே வரல.

முதல்ல தூங்குமா. பயம் தண்ணியப் பாத்து இல்ல, உடம்போட உள்சூட்டப் பாத்து. அது 39 டிகிரி செல்சியஸுக்கு மேல போய் நின்னாதான் கவலை, அதுவும் ஆரம்ப வாரங்கள்ல, ஏன்னா குழந்தையோட மூளை, தண்டுவடம் உருவாகுற நேரம் அது. வீட்டு டப் தண்ணி ஆறிட்டே வரும், ஒரு தடவைல அவ்ளோ சூடு ஏறியிருக்க வாய்ப்பு கம்மி. செக்கப் போறப்ப டாக்டர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிடு.

கே: எவ்ளோ சூடு இருக்கலாம்? தெர்மாமீட்டர் இல்ல.

37, 38 டிகிரி. முழங்கைய முக்கிப் பாருங்க, கைவிரல நம்பாதீங்க, அடுப்படில பழகின கை பொய் சொல்லும். முழங்கைக்கு இதமா இருந்தா சரி, ‘ஸ்ஸ்’னு இழுத்துக்கிட்டா பச்சத்தண்ணி கலக்கணும். 10 நிமிஷம் போதும், நெத்தி வேர்த்தா அதுக்கு முன்னாடியே வெளிய வந்துடுங்க.

கே: நான் பக்கெட்ல மொண்டு ஊத்திதான் குளிக்கிறேன், எனக்குமா?

உங்களுக்கு இவ்ளோ கணக்கு வேணாம், ஊத்துற தண்ணி ஓடிடுது. கொதிக்கக் கொதிக்க மட்டும் ஊத்தாதீங்க, வயித்துத்தோல் அரிப்பு ஜாஸ்தியாகும்.

கே: சிஸ்டர், என் மனைவிக்கு 7வது மாசம். டப்ல இருந்து எழுந்ததும் கண்ண இருட்டி சுவத்த புடிச்சிட்டாங்க. பயப்படணுமா?

நல்லவேளை தம்பி, சுவர் கிட்ட இருந்துச்சு. எல்லாரும் சூட்டப் பத்தியே கேக்குறாங்க, என்னைக் கேட்டா கடைசி மாசங்கள்ல எழுந்திரிக்கிற அந்த அரை நிமிஷம்தான் பெரிய ஆபத்து. சூட்டுல ரத்தக்குழாய் விரிஞ்சு பிரஷர் இறங்கியிருக்கும், சட்டுனு நின்னா தலைக்கு ரத்தம் பத்தாது. அதனால முதல்ல தண்ணிய திறந்து விடச் சொல்லுங்க, அது வடியிற வரைக்கும் உக்காந்தே இருக்கட்டும், அப்புறம் உங்க கையப் புடிச்சிட்டு மெதுவா எழுந்து டப் விளிம்புல உக்காந்து, ஒரு கால், அடுத்த கால். கீழ ரப்பர் மேட் போடுங்க, கதவுக்குத் தாழ்ப்பாள் வேணாம். திரும்பத் திரும்ப இப்படி வந்தா பிரஷர், ரத்த அளவு ரெண்டும் பாக்கணும். விழுந்து வயித்துல அடிபட்டா மட்டும் வலி இல்லன்னு வீட்ல இருந்துடாதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

கே: ஜிம்ல ஜக்கூசி, ஸ்டீம் ரூம் இருக்கு, 5 நிமிஷம்?

வேணாம்மா. ஜக்கூசி தண்ணி ஆறவே ஆறாது, சூடு ஏத்திக்கிட்டே இருப்பாங்க. ஸ்டீம்ல வேர்வை காயாது, உடம்பு எப்படி குளிரும்?

கே: டப்ல உக்காந்தா தண்ணி உள்ள போய் குழந்தைக்கு இன்ஃபெக்‌ஷன் வருமா?

வராது, கர்ப்பப்பை வாய் மூடி, கெட்டியான சளி அடைச்சிருக்கும், அதுக்குள்ள பனிக்குடம் வேற. பனிக்குடம் உடைஞ்சிட்டா, இல்ல ரத்தம் பட்டா, குளியல அப்படியே விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுங்க.

கே: நுரை வர்ற பாத் பாம் போடலாமா அக்கா?

வாசனை ஐட்டம் எல்லாம் அந்த இடத்துல எரிச்சல் கிளப்பும், டப்பும் வழுக்கும். வெறும் தண்ணியே சுகமாத்தான் இருக்கும்.