ஐந்தாம் வகுப்பில் வகுத்தலும் பின்னமும் தடுமாறினால் என்ன செய்வது?

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் 16-ஆம் வாய்பாடு வரை தடங்கலின்றி ஒப்பிக்கிறாள். ஆனால் 612-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் 12 என்கிறாள். 1/2-உடன் 1/3-ஐக் கூட்டினால் 2/5 என்று எழுதுகிறாள். கணக்கு நோட்டை எடுத்தாலே அழுகை வந்துவிடுகிறது. டியூஷனில் சேர்ப்பதா, அபாகஸ் வகுப்புக்கு அனுப்புவதா, வீட்டிலேயே தினமும் இத்தனை கணக்கு என்று போட வைப்பதா? (ஒரு தாய், கரூர்)

பதில்: தங்கள் மகள் எழுதிய அந்த இரண்டு விடைகளே தங்கள் கேள்விக்குப் பாதி பதிலைத் தந்துவிடுகின்றன. அவை கவனக்குறைவால் வந்தவை அல்ல. கணக்குப் போடும் முறை கைக்குப் பழகி, எண்ணின் அளவு மனத்தில் பதியாமல் இருக்கும் பிள்ளைகள் இப்படித்தான் எழுதுவார்கள். ஆகவே கணக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைக் காட்டிலும், போடும் ஒவ்வொரு கணக்கிலும் விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்லும் பழக்கத்தை உண்டாக்குவதுதான் இப்போது தேவை.

வகுத்தலை முதலில் எடுத்துக்கொள்வோம். பென்சிலைத் தொடுவதற்கு முன்பே, "600 ரூபாயை 6 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். நூறு என்று அவளே சொல்லிவிட்டால், 612-க்கு 12 என்ற விடை பொருந்தாது என்பதை அவளாகவே கண்டுகொள்வாள். அடுத்து, காகிதத்தில் 100, 10, 1 ரூபாய்த் தாள்களை வெட்டி, 6 நூறு, 1 பத்து, 2 ஒன்று எனக் கொடுத்து ஆறு பேருக்குப் பங்கிடச் சொல்லுங்கள். நூறுகள் ஆளுக்கொன்றாகப் போய்விடும். ஒரே ஒரு பத்து ரூபாய்த் தாளை ஆறு பேருக்கு அப்படியே கொடுக்க முடியாது என்பதால் பத்தின் இடத்தில் 0 எழுதி, அதைச் சில்லறையாக மாற்றி, இருக்கும் இரண்டோடு சேர்த்துப் பன்னிரண்டாக்கி ஆளுக்கு இரண்டு கொடுக்க வேண்டும். 102-இல் நடுவே நிற்கும் சுழியம் எங்கிருந்து வந்தது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

பின்னத்திலும் இதே வழிதான். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் கூடத்தான் வேண்டும். 2/5 அரையைவிடக் குறைவு. இதை அவள் உணர்வதற்குக் கட்டம் போட்ட நோட்டில் 12 கட்டங்கள் கொண்ட பட்டை ஒன்றை வரையச் சொல்லுங்கள். அதில் பாதி 6 கட்டம், மூன்றில் ஒரு பங்கு 4 கட்டம், இரண்டும் சேர்ந்தால் 12-இல் 10, அதாவது 5/6. பகுதிகளை, அதாவது பின்னங்களின் கீழ் எண்களை, சமமாக்கும் விதியை இந்தப் படம் புரிந்த பிறகு சொல்லிக்கொடுத்தால் போதும். இதில் அவசரம் வேண்டாம், ஆனால் அலட்சியமும் கூடாது: தொடக்கப் பள்ளி வயதில் பின்னத்திலும் வகுத்தலிலும் பெறும் அறிவு, உயர்நிலைப் பள்ளியில் இயற்கணிதம் எப்படி வரும் என்பதை முன்கூட்டியே காட்டுவதாக அமெரிக்க, பிரிட்டன் மாணவர்களின் தரவுகளைக் கொண்டு 2012-இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது.

வாய்பாட்டை வரிசையாக ஒப்பிப்பது வேறு, "ஏழெட்டு எவ்வளவு?" என்று திடீரெனக் கேட்டால் சொல்வது வேறு. 2 முதல் 9 வரையிலான எண்களைத் தமக்குள் பெருக்கினால், இடம் மாறி வருவதை ஒன்றாகக் கொள்ளும்போது, 36 பெருக்கல்கள்தான் வரும். 16-ஆம் வாய்பாட்டைவிட இவை முக்கியமானவை. மறந்துவிட்டால் மீட்டெடுக்கும் வழியையும் கற்பியுங்கள்: ஏழு நான்கு 28, அதன் இரு மடங்கு 56. உடனே "56-இல் எத்தனை ஏழு?" என்று திருப்பிக் கேட்டால் வகுத்தலும் அதிலேயே பழகிவிடும்.

நாள்தோறும் ஒரே நேரத்தில் இருபது நிமிடம் போதுமானது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது இதற்கு ஈடாகாது. ஐந்து நிமிடம் வாய்க்கணக்கு, பிறகு மூன்று நான்கு கணக்குகள். அவற்றுள் ஒன்று இன்றைய பாடத்திலிருந்தும், மற்றவை சென்ற வாரத்திலும் சென்ற மாதத்திலும் நடந்த பாடங்களிலிருந்தும் இருக்கட்டும். ஒரே பாடத்தின் கணக்குகளை வரிசையாகப் போடும் பிள்ளை, எங்கே கூட்டுவது, எங்கே வகுப்பது என்று தீர்மானிக்கக் கற்றுக்கொள்வதில்லை.

வாக்கியக் கணக்குகளில் இக்குறை வெளிப்படையாகவே தெரியும். "ராணியிடம் 24 மாம்பழங்கள் உள்ளன, அவை கமலாவிடம் உள்ளதைவிட 6 அதிகம், கமலாவிடம் எத்தனை?" என்றால், 'அதிகம்' என்பதைப் பார்த்ததுமே பலர் கூட்டி 30 என்கிறார்கள். எண்களை விரலால் மறைத்துக்கொண்டு, யாரிடம் கூடுதல், யாரிடம் குறைவு என்று கதையாகச் சொல்ல வைத்தால் 18 தானாகவே வரும்.

அழுகைக்கும் இதிலேயே மருந்து உண்டு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு விரட்டாதீர்கள். தவறிய கணக்கை ஐந்து முறை எழுதச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். மாறாக, தனி நோட்டு ஒன்றில் அந்தக் கணக்கை எழுதி, எந்த வரியில் தடம் மாறியது என்று அவளே ஒரு வாக்கியம் எழுதட்டும். "எனக்கும் சின்ன வயதில் கணக்கு வராது" என்று ஆறுதலுக்காகக்கூட அவள் காதுபடச் சொல்ல வேண்டாம்.

அபாகஸ் கூட்டல் கழித்தலில் வேகத்தைத் தரலாம். ஆனால் தங்கள் மகளின் சிக்கல் வேகத்தைச் சார்ந்தது அன்று என்பதால் அதை இப்போது பரிந்துரைக்க மாட்டேன். டியூஷனைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன், அந்தத் தவறு நோட்டை வகுப்பாசிரியரிடம் காட்டிப் பேசுங்கள். சில மாதங்கள் இவ்வாறு முயன்ற பின்னும் 8-உடன் 5-ஐக் கூட்ட விரல்களையே நம்பியிருந்தாலோ, 305, 350 இரண்டில் எது பெரியது என்பதில் குழம்பினாலோ, கற்றல் குறைபாடு உள்ளதா என்று அறிய உளவியல் வல்லுநர் ஒருவரைப் பாருங்கள். டியூஷன்தான் என்று முடிவானால், முதல் நாளே பிள்ளையின் பழைய நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அவள் எப்படி யோசித்தாள் என்று அவளிடமே விசாரிக்கும் ஆசிரியரைத் தேர்ந்தெடுங்கள்.