டெர்ஸ் பணத்துக்குக் கணக்குக் கேட்டுக் கடிதம் வந்தால்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் வெருலம் அருகே 14 தொழிலாளர்களுடன் காய்கறிப் பண்ணை நடத்துகிறேன். 2020 ஊரடங்கில் வேலை இழந்த அல்லது வேலை குறைந்த தொழிலாளர்களுக்காக அரசு கொடுத்த டெர்ஸ் உதவியாக மூன்று மாதங்களுக்கு 1,47,000 ராண்ட் வந்தது. ஒரு பகுதியைக் கூலியாகக் கொடுத்தேன். மீதி உரத்துக்கும் டீசலுக்கும் போயிற்று. இப்போது அதற்குக் கணக்குக் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். அப்பா நாற்பது ஆண்டு உழைத்த நிலம் இது. பக்கத்துப் பண்ணைக்கு வேளாண் துறை வவுச்சர் கொடுத்தது, எங்களுக்கு மறுத்தது. நான் திருடனா?

பதில்: அப்பாவின் உழைப்பும் அதிகாரிகளின் பாரபட்சமும் உங்கள் மனத்தை வருத்துவது புரிகிறது, ஆனால் இந்த விவகாரத்தில் அவற்றுக்கு இடமில்லை. வவுச்சர் வேறு திட்டம். ஆண்டு விற்பனை 20,000 முதல் 10 லட்சம் ராண்ட் வரை உள்ள சிறு பண்ணைகளுக்கு அப்போது உரியதாக இருந்தது.

உங்களிடம் கேட்கப்படுவது ஒன்றுதான்: ஒவ்வொரு தொழிலாளியின் பெயரில் வந்த தொகையும் அவர் கைக்குப் போனதா? அரசின் வேலையின்மைக் காப்புறுதி நிதி அனுப்பிய அந்தப் பணம் உங்கள் கணக்கின் வழியே போனதே தவிர, உங்கள் சொத்தாக ஆகவில்லை. தொகை வரும் முன்பே அந்த உதவியை உங்கள் கையிலிருந்து தொழிலாளிக்குக் கொடுத்திருந்தால் அதை ஈடுகட்டிக்கொள்ள விதி இடமளித்தது. உரத்துக்கும் டீசலுக்கும் இடமளிக்கவில்லை.

இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை. உணவுப் பயிர் விளைவிப்பது இன்றியமையாத பணியாக ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 27 முதலே அனுமதிக்கப்பட்டிருந்தது. முழு நாளும் வேலை செய்தவருக்கு முழுக் கூலி கொடுப்பது உங்கள் கடமை. அவர் பெயரில் உதவி கோரியதற்கு அடிப்படையே இல்லை. வேலை நாள் குறைந்தவர் நிலை வேறு. யார் எந்த வாரம் வேலைக்கு வந்தார்கள் என்பதை முதலில் தனித்தனியாக எழுதிப் பாருங்கள்.

நான் அஞ்சுவது இனி நீங்கள் செய்யக்கூடியதைப் பற்றித்தான். இப்படிக் கடிதம் வந்தவுடன் பழைய தேதியிட்டுப் புதிய கூலிப் பதிவேடு எழுதி, தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். வங்கிக் கணக்கும் வருமான வரிச் சான்றும் மாதந்தோறும் காப்புறுதி நிதிக்கு அனுப்பிய ஊழியர் அறிவிப்பும் அந்தப் பதிவேட்டோடு ஒத்துப்போகாது. கையெழுத்திட்டவர்களில் யாராவது ஒருவர் விசாரணையில் நடந்ததைச் சொல்லிவிடுவார். அதுவரை திருப்பிக் கட்ட வேண்டிய கடனாக இருந்தது அன்றோடு மோசடியும் போலி ஆவணமும் ஆகிவிடுகிறது. தயவுசெய்து ஒரு தாளையும் மாற்றாதீர்கள். தொழிலாளர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

மூன்று ஆண்டு கடந்ததால் கடன் காலாவதியாகிவிட்டது என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கடன் கொடுத்தவருக்கு உண்மை தெரியவந்த நாளிலிருந்துதான் பொதுவாக அந்த மூன்று ஆண்டு எண்ணப்படும். மோசடிக்கு வழக்குத் தொடர 20 ஆண்டு இருக்கிறது. அரசுப் பண முறைகேடுகளை விசாரிக்கும் சிறப்பு விசாரணைப் பிரிவு இந்தத் தொகைகளையும் ஆராய எடுத்துக்கொண்டது. உங்கள் விவகாரம் அந்தப் பிரிவின் வழக்குகளை விசாரிக்கும் சிறப்புத் தீர்ப்பாயத்துக்குப் போனால் வழக்குச் செலவே நீங்கள் பெற்ற தொகையைத் தாண்டிவிடக்கூடும்.

ஆகவே சமரசமே நல்லது. தொழிலாளருக்குச் சேராத தொகையை அவர்களுக்கு வங்கி வழியாகக் கொடுங்கள். உரிமையின்றிக் கோரியதைத் தவணையில் திருப்பிக் கட்ட முன்வாருங்கள். ஆனால் கடனை ஒப்புக்கொள்ளும் தாளில் வழக்கறிஞர் இல்லாமல் கையெழுத்திட வேண்டாம். அது குற்ற வழக்கைத் தடுக்காது, காலாவதிக் கணக்கையும் புதிதாகத் தொடங்கிவைக்கும். கடிதத்தில் குறித்த கெடு முடியும் முன்பே, கணக்கைத் தொகுக்க அவகாசம் கேட்டு எழுத்தில் பதில் அனுப்பிவிடுங்கள்.